கோளப் பகுதித் தொகையீடுகள்: கூட்டுத்தொகையிலிருந்து சார்பையும் வடிவத்தையும் மீட்டல்

ஒரு கோளத்தின் மேல் இடத்துக்கு இடம் மாறும் ஓர் அளவு இருப்பதாகக் கொள்வோம். வெப்பநிலை, பாறையின் தன்மை, அலையின் வேகம் என எதுவாகவும் அது இருக்கலாம். அதை ஒவ்வொரு புள்ளியிலும் நேரடியாக அளக்க வழியில்லை. கோளத்தின் மேல் வரைந்த வட்டங்கள், வட்ட விற்கள், அரைக்கோளங்கள், தொப்பி போன்ற பகுதிகள் ஆகியவற்றின் மேல் அதன் மொத்தத்தை மட்டும் அளக்க முடிகிறது. இந்த மொத்தமே தொகையீடு. இத்தகைய தொகையீடுகளிலிருந்து மூல அளவைத் திரும்பப் பெறுவது கணிதத்தில் ஒரு தனிப்பிரிவு. மருத்துவமனையின் சி.டி. ஸ்கேனும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கே நேர்கோடுகளின் மேல் எடுத்த தொகைகளிலிருந்து உடலின் உட்படம் மீட்கப்படுகிறது.

இக்கட்டுரை ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது. எல்லாத் தொகைகளும் பிழையில்லாமல் கையில் இருந்தால் மூல அளவு முழுவதும் கிடைத்துவிடுமா? கிடைக்காது. எந்தப் பகுதியின் மேல் கூட்டினோம் என்பதைப் பொறுத்துச் சில செய்திகள் மிஞ்சும், சில அழிந்துபோகும். முழு வட்டத்தில் கூட்டியபோது அழிந்தது, அதை இரண்டாக வெட்டிக் கூட்டினால் திரும்பி வருகிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம் தெரிந்தவர்கள் இதைப் பின்தொடரலாம்.

ஓடைப்பட்டியும் அதன் எதிர்முனையும்

நான் இருக்கும் ஊர் தேனி மாவட்டத்து ஓடைப்பட்டி. விதையில்லாத் திராட்சைக்குப் பெயர் பெற்ற ஊர். திராட்சைப் பெட்டியை எடை போடுபவர்களுக்கு ஒன்று தெரியும். மேலே நல்ல குலையும் அடியில் உதிரியும் இருந்தாலும், அடியில் நல்ல குலையும் மேலே உதிரியும் இருந்தாலும், தராசு காட்டும் எடை ஒன்றுதான். மேலும் கீழும் சேர்ந்த மொத்தத்துக்கு அவற்றின் வேறுபாடு தெரியாது.

பூமிக்கும் இதே நிலை உண்டு. ஓடைப்பட்டி ஏறத்தாழ வடக்கு அட்சரேகை 10 பாகை, கிழக்குத் தீர்க்கரேகை 77½ பாகையில் இருக்கிறது. இங்கிருந்து பூமியின் மையம் வழியாக நேராகத் துளைத்துச் சென்றால், தெற்கு 10 பாகை, மேற்கு 102½ பாகையில், பெரு நாட்டுக்கு மேற்கே பசிபிக் பெருங்கடலில் வெளியே வருவோம். அதுதான் நமது எதிர்முனை. இங்கே காலடியில் இருப்பது மிகப் பழைய கண்டப் பாறை. அங்கே இருப்பது இளமையான கடல்தரை. இரண்டும் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டவை.

பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்டு பூமியின் மேல் வரையும் வட்டம் பெருவட்டம் எனப்படும். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். ஓடைப்பட்டி வழியாக எத்தனை பெருவட்டங்கள் வரைந்தாலும் ஒவ்வொன்றும் அந்தப் பசிபிக் புள்ளி வழியாகவும் போகும். ஆகவே பெருவட்டத் தொகைகளில் ஓடைப்பட்டியின் மதிப்பும் பசிபிக் புள்ளியின் மதிப்பும் எப்போதும் சேர்ந்தே வரும். ஒரு தொகைகூட அவற்றைப் பிரித்துக் காட்டாது.

ஆறு எண்களில் ஒரு சோதனை

ஒரு பந்தின் மேல் ஆறு புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: மேல், கீழ், கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு. அவற்றின் மதிப்புகள் முறையே 7, 3, 5, 1, 4, 6 என்க. இந்தப் புள்ளிகள் வழியாக மூன்று பெருவட்டங்கள் செல்கின்றன.

மேல், கிழக்கு, கீழ், மேற்கு: 7 + 5 + 3 + 1 = 16
மேல், வடக்கு, கீழ், தெற்கு: 7 + 4 + 3 + 6 = 20
கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு: 5 + 4 + 1 + 6 = 16

இப்போது ஆறு மதிப்புகளையும் மறந்துவிட்டு, 16, 20, 16 என்ற மூன்று தொகைகளை மட்டும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு புள்ளியும் இரண்டு வட்டங்களில் வருவதால், மூன்று தொகைகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஆறு மதிப்புகளின் மொத்தம் 26 கிடைக்கும். அதிலிருந்து மூன்றாம் வட்டத்தின் 16-ஐக் கழித்தால் மேலும் கீழும் சேர்ந்து 10. இரண்டாம் வட்டத்தின் 20-ஐக் கழித்தால் கிழக்கும் மேற்கும் சேர்ந்து 6. முதல் வட்டத்தின் 16-ஐக் கழித்தால் வடக்கும் தெற்கும் சேர்ந்து 10.

இத்துடன் நின்றுவிட வேண்டும். மேல் 7, கீழ் 3 என்பதா, மேல் 5, கீழ் 5 என்பதா, மேல் 2, கீழ் 8 என்பதா? மூன்றுக்கும் அதே வட்டத் தொகைகள்தான் வரும். எதிரெதிர்ப் புள்ளிகளின் கூட்டல் தெரிகிறது, கழித்தல் தெரியவில்லை.

இனி ஒரு வட்டத்தைப் பாதியாக வெட்டுவோம். மேலிருந்து கிழக்கு வழியாகக் கீழே வரும் அரைவட்டத்தின் தொகை 7 + 5 + 3 = 15. மேலும் கீழும் சேர்ந்து 10 என்று முன்பே தெரியும். ஆகவே கிழக்கு 5, மேற்கு 6 − 5 = 1. மற்ற இணைகளையும் இப்படியே பிரிக்கலாம். முழுவட்டம் மறைத்ததை அரைவட்டம் காட்டிவிட்டது.

இரட்டைப் பகுதியும் ஒற்றைப் பகுதியும்

கோளத்தின் மேல் உள்ள எந்தச் சார்பையும் இரண்டு பகுதிகளின் கூட்டலாக எழுதலாம். எதிரெதிர்ப் புள்ளிகளில் ஒரே மதிப்பைப் பெறுவது இரட்டைப் பகுதி. எதிரெதிர்ப் புள்ளிகளில் குறி மட்டும் மாறி வருவது ஒற்றைப் பகுதி. மேல் 7, கீழ் 3 என்றால், இரட்டைப் பகுதி இரண்டு இடத்திலும் 5. ஒற்றைப் பகுதி மேலே +2, கீழே −2.

பெருவட்டத்தைச் சுற்றிக் கூட்டும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் எதிர்முனையும் அதே வட்டத்தில் இருப்பதால், +2-ம் −2-ம் சேர்ந்து பூச்சியமாகிவிடும். ஒற்றைப் பகுதி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் தடயமின்றி மறைந்துவிடும். இரட்டைப் பகுதி முழுவதும் மீளும் என்பதைப் பவுல் ஃபங்க் என்ற ஆஸ்திரியக் கணித அறிஞர் 1913-இல் வெளியான கட்டுரையில் காட்டினார். பெருவட்டத் தொகைகளை எடுக்கும் முறைக்கு ‘ஃபங்க் மாற்று’ என்று அவர் பெயரே நிலைத்தது. நேர்கோட்டுத் தொகைகளைப் பற்றிய யோகான் ரேடானின் புகழ்பெற்ற கட்டுரை அதற்குப் பிறகு, 1917-இல் வந்தது.

அரைவட்டம் எப்படி மீட்கிறது?

ஆறு புள்ளிகளில் பார்த்ததைத் தொடர்ச்சியான கோளத்துக்கும் எளிதாக விளக்கலாம். பசிபிக் எதிர்முனையில் தொடங்கி ஓடைப்பட்டியில் முடியும் ஓர் அரைவட்டப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். நீளம் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர். அதன் தொகையை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே பெருவட்டத்திலேயே அந்த அரைவட்டத்தை 1 கிலோமீட்டர் முன்னால் நகர்த்தி மீண்டும் தொகையை எடுங்கள்.

என்ன மாறியது? நடுவில் உள்ள 19,999 கிலோமீட்டர் இரண்டிலும் பொது. பின்முனையில் பசிபிக் பகுதி 1 கிலோமீட்டர் கழிந்தது, முன்முனையில் ஓடைப்பட்டிப் பகுதி 1 கிலோமீட்டர் சேர்ந்தது. ஆகவே இரண்டு தொகைகளின் வேறுபாடு, ஓடைப்பட்டியின் மதிப்பிலிருந்து பசிபிக் மதிப்பைக் கழித்தால் வருவதே. வகைநுண்கணிதம் படித்தவர்கள் இதைத் தொகையீட்டின் வகைக்கெழு என்று உடனே அறிவார்கள்.

ஒரே பெருவட்டத்தின் இரண்டு அரைவட்டங்களைக் கூட்டினால் முழுவட்டத் தொகை கிடைக்கும். அதிலிருந்து ஃபங்க் வழியில் ஓடைப்பட்டி, பசிபிக் இரண்டின் கூட்டல் வரும். கூட்டல் 10, கழித்தல் 4 என்றால் மதிப்புகள் 7, 3 என்று எட்டாம் வகுப்பு மாணவரும் சொல்வார்.

நிலநடுக்க அலைகளில் இந்தக் கணக்கு

இது தாளில் மட்டும் இருக்கும் கணக்கு அல்ல. பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டால் பூமியின் மேற்பரப்பை ஒட்டிச் செல்லும் அலைகள் எழுகின்றன. அவை ஏறத்தாழ பெருவட்டப் பாதையில் பூமியைச் சுற்றி வருகின்றன. அலை ஒரு பாதையைக் கடக்க எடுக்கும் நேரம் என்பது, வேகத்தின் தலைகீழியை அந்தப் பாதை முழுவதும் கூட்டிய தொகை. அதாவது ஒவ்வொரு பயண நேரமும் ஒரு தொகையீடு.

எங்கள் ஊருக்கு வடக்கே மலைமேல் உள்ள கோடைக்கானல் ஆய்வகத்தில் நிலநடுக்கப் பதிவு நீண்ட காலமாக நடந்துவந்தது. 1960-களில் அமைந்த உலகத் தர நிலநடுக்கப் பதிவு வலையமைப்பில் கோடைக்கானலும் ஒரு நிலையம். அங்கே ஒரு கருவி இருப்பதாக வைத்து, 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்துக்கு ஒரு கணக்குப் போடலாம். நடுக்கம் தொடங்கிய இடத்திலிருந்து கோடைக்கானலுக்குக் குறுக்கு வழியில் ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். பூமியின் மறுபக்கமாகச் சுற்றி வந்தால் 37,800 கிலோமீட்டர். மேற்பரப்பு அலையின் வேகம் வினாடிக்கு 3.7 கிலோமீட்டர் என்க. முதல் அலை சுமார் 10 நிமிடத்தில் வரும். மறுபக்கமாக வரும் இரண்டாம் அலை சுமார் 2 மணி 50 நிமிடத்தில் வரும். முதல் அலையே பூமியை ஒரு முழுச்சுற்றுச் சுற்றிவிட்டு மூன்றாம் அலையாகச் சுமார் 3 மணி 10 நிமிடத்தில் மீண்டும் வரும்.

மூன்றாம் அலையின் நேரத்திலிருந்து முதல் அலையின் நேரத்தைக் கழித்தால் 3 மணி நேரம். இது ஒரு முழுப் பெருவட்டத்தின் தொகை. இந்த அளவீட்டுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. நிலநடுக்கம் தொடங்கிய நொடி துல்லியமாகத் தெரியாவிட்டாலும் கழித்தலில் அந்தப் பிழை நீங்கிவிடும். ஆனால் இந்தத் துல்லியமான அளவீடுகளை ஆயிரக்கணக்கில் சேர்த்தாலும் கிடைப்பது இரட்டைப் பகுதி மட்டுமே. இந்தியாவின் பாறையும் பசிபிக்கின் தரையும் சராசரியாகக் கலந்துதான் தெரியும்.

அமெரிக்க நிலவியற்பியலாளர் ஜார்ஜ் பேக்கஸ் 1964-இல் வெளியிட்ட கட்டுரையில் இதையே எடுத்துப் பேசினார். முழுப் பெருவட்டப் பாதைகளின் சராசரி வேகங்கள் இரட்டைப் பகுதியை மட்டும் தரும், அரைப் பெருவட்டப் பாதைகளின் சராசரிகள் முழுச் சார்பையும் தரும் என்று காட்டினார். நடைமுறையில் நிலநடுக்கமும் நிலையமும் சரியாக எதிரெதிர் முனைகளில் அமைவது அரிது. ஆகவே 2,200, 37,800 போன்ற சமமற்ற விற்களின் தொகைகளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருக்கிறது. அப்போது தொடங்கிய நொடியும் இடமும் துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும். முழுச்சுற்று தந்த வசதியை இழந்துதான் ஒற்றைப் பகுதியைப் பெறுகிறோம்.

பிழை எவ்வளவு பெருகும்?

மீட்க முடியும் என்பதும் நன்றாக மீட்க முடியும் என்பதும் ஒன்றல்ல. கோளத்தின் மேல் உள்ள சார்பைப் பல அலைகளின் கூட்டலாகப் பிரிக்கலாம். பூமியைச் சுற்றி இரண்டு முறை ஏறி இறங்கும் அலை படி 2, நான்கு முறை என்றால் படி 4. பெருவட்டச் சராசரி எடுக்கும்போது ஒவ்வொரு படியும் ஒரு குறிப்பிட்ட பின்னத்தால் சுருங்குகிறது. குறியை விட்டுவிட்டால், படி 2-க்கு 1/2, படி 4-க்கு 3/8, படி 20-க்கு ஏறத்தாழ 0.176, படி 100-க்கு ஏறத்தாழ 0.08. ஒற்றைப் படிகள் எல்லாவற்றுக்கும் பூச்சியம்.

மீட்கும்போது இந்தப் பின்னத்தால் வகுக்க வேண்டும். அதாவது படி 20-இல் அளவீட்டுப் பிழை ஏறத்தாழ 5.7 மடங்காகும், படி 100-இல் 12.5 மடங்காகும். படி 100 என்பது பூமியில் சுமார் 400 கிலோமீட்டர் நீள அலை. கம்பம் பள்ளத்தாக்கு அதைவிட மிகச் சிறியது. எனவே மேலே ‘ஓடைப்பட்டியின் மதிப்பு’ என்று சொன்னது கணக்கின் தெளிவுக்காக. உண்மையான வரைபடத்தில் தென்னிந்தியா ஒரு மங்கலான திட்டாகத்தான் தெரியும்.

அரைக்கோளமும் தொப்பியும்

பெருவட்டக் கோட்டுக்குப் பதிலாக அது வெட்டும் அரைக்கோளப் பரப்பு முழுவதும் கூட்டினால் நிலைமை தலைகீழாகிறது. இரட்டைச் சார்புக்கு எந்த அரைக்கோளத்திலும் ஒரே தொகைதான், மொத்தத்தில் பாதி. ஆகவே அரைக்கோளத் தொகைகள், பொதுச் சராசரியைத் தவிர, இரட்டைப் பகுதியைப் பற்றி எதுவும் சொல்லா. ஒற்றைப் பகுதியை முழுவதும் சொல்லும். வட்டத் தொகையும் அரைக்கோளத் தொகையும் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கின்றன.

அரைக்கோளத்தைவிடச் சிறிய தொப்பிகளை எடுத்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று தோன்றும். மையத்திலிருந்து 63.4 பாகை வரை விரியும் தொப்பியை எடுங்கள். கோசைன் மதிப்பு 5-இன் வர்க்கமூலத்தின் தலைகீழியாக இருக்கும் கோணம் அது. அந்தத் தொப்பியைக் கோளத்தின் எந்த இடத்தில் வைத்தாலும் படி 3 அலையின் தொகை பூச்சியமே. இப்படிக் குருடான தொப்பி அளவுகள் எண்ணற்றவை. எவ்வளவு குறுகிய இடைவெளியைப் பார்த்தாலும் அதற்குள்ளும் ஒன்று இருக்கும். ஆனாலும் குருடல்லாத அளவுகளே மிகுதி. பீட்டர் உங்கர் 1954-இல் இதை வெளியிட்டபோது, ஒரு விசித்திரத் தேற்றம் என்று பொருள்படும் தலைப்பையே வைத்தார்.

வடிவத்தை மீட்டல்

சார்புக்குப் பதிலாக ஒரு பொருளின் வடிவம் தெரிய வேண்டும் என்றால்? பொருளுக்குள் ஒரு புள்ளியை மையமாக வைத்து, ஒவ்வொரு திசையிலும் விளிம்பு எவ்வளவு தூரம் என்று குறித்தால், அந்த ஆரமே கோளத்தின் மேல் ஒரு சார்பாகிவிடும். மையம் வழியாகக் கத்தியால் வெட்டினால் தெரியும் வெட்டுமுகத்தின் பரப்பு, ஆரத்தின் வர்க்கத்தைப் பெருவட்டத்தில் கூட்டி வரும் தொகையில் பாதி.

ஆரம் 5 அலகு உள்ள ஒரு பந்தின் மைய வெட்டுமுகப் பரப்பு எப்போதும் 25π, அதாவது சுமார் 78.5 சதுர அலகு. இப்போது வேறொரு பொருளை எடுப்போம். அதன் ஆரத்தின் வர்க்கம் எந்தத் திசையிலும் 25 + 24 × (மேல்திசையோடு உள்ள கோணத்தின் கோசைன்). மேலே ஆரம் 7, பக்கவாட்டில் 5, கீழே 1. பந்தோடு இதை யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் கோசைன் ஒற்றைப் பகுதி என்பதால் ஒவ்வொரு பெருவட்டத்திலும் அது அழிந்துவிடும். மைய வெட்டுமுகங்கள் எல்லாம் இதற்கும் 25π-தான். வெட்டுமுகப் பரப்புகளை மட்டும் கொண்டு இந்த இரண்டையும் வேறுபடுத்தவே முடியாது.

நெட்டுவாக்கில் வெட்டிய முகத்தை மையத்தில் குறுக்கே பிரித்து மேல் பாதியை மட்டும் அளந்தால் 12.5π + 24, அதாவது சுமார் 63.3. பந்தின் அரைமுகத்துக்கு 39.3. வேறுபாடு உடனே தெரிகிறது. அரை வெட்டுமுகங்களின் பரப்புகள் இத்தகைய பொருளின் வடிவத்தை முழுவதும் தீர்மானிக்கும் என்பதை ஹெல்முட் குரோமர் 1998-இல் நிறுவினார்.

ஒளி-ஒலிப் படமெடுப்பும் வட்ட விற்களும்

மருத்துவத்தில் வரும் கோளங்கள் வேறுவகை. ஒளி-ஒலிப் படமெடுப்பில் திசுவின் மேல் மிகக் குறுகிய லேசர் துடிப்பு பாய்ச்சப்படுகிறது. ஒளியை அதிகம் உறிஞ்சும் இடங்கள், குறிப்பாக இரத்தம் மிகுந்த இடங்கள், சற்றே சூடாகி விரிந்து ஒலி எழுப்புகின்றன. ஒலி மென்திசுவில் ஒரு மைக்ரோ வினாடிக்கு ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் செல்லும். 20 மைக்ரோ வினாடி கழித்து உணரிக்கு வரும் ஒலி, அதைச் சுற்றி 30 மில்லிமீட்டர் ஆரமுள்ள கோளத்திலிருந்து சேர்ந்து வருவது. எந்தத் திசையிலிருந்து வந்தது என்று தெரியாது. ஆகவே உணரி பதிவு செய்வது கோளத் தொகை, ஒரு தளத்தில் பார்த்தால் வட்டத் தொகை.

உணரியின் பார்வைக் கோணம் குறுகியதாக இருந்தால் முழு வட்டம் கிடைக்காது, ஒரு வில் மட்டுமே கிடைக்கும். இந்தக் கணக்கை நம் நாட்டிலேயே செய்திருக்கிறார்கள். பெங்களூரில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பயன்பாட்டுக் கணித மையத்தைச் சேர்ந்த வெங்கடேஸ்வரன் கிருஷ்ணன், ஐதராபாத் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஜெயந்தி சிவசாமி, தபீஷ் ஆலம் சையத் ஆகியோர் 2016-இல் வட்டவில் தொகைகளிலிருந்து படத்தைக் கணினியில் மீட்கும் முறையை வெளியிட்டனர். இங்கே வெட்டுவதற்கு ஒரு விலை உண்டு. வில் முடியும் இடத்தில் தொகை சட்டென்று நின்றுவிடுவதால், படத்தில் இல்லாத கோடுகள் போலித் தடங்களாகத் தோன்றும். அவற்றைக் குறைப்பதும் அந்த வேலையின் ஒரு பகுதி.

எந்த விளிம்பு தெளிவாக மீளும் என்பதற்கு ஒரு பொது விதி உண்டு. ஒரு கட்டியின் விளிம்பை ஏதாவது ஓர் அளவீட்டு வில் தொட்டுச் செல்ல வேண்டும். தொடுகோடு போலத் தொடும் வில் இருந்தால் அந்த விளிம்பு கூர்மையாக வரும். எல்லா விற்களும் குறுக்கே வெட்டிச் சென்றால் அந்த விளிம்பு மங்கும். ஆகவே இத்தகைய படத்தில் ஓரிடத்தில் விளிம்பு தெரியவில்லை என்பதால் அங்கே கட்டி இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. அந்த இடத்தைத் தொடும் வில் அளக்கப்பட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சுருக்கம்

பெருவட்டத் தொகைகள்: இரட்டைப் பகுதி மீளும், ஒற்றைப் பகுதி அழியும்.
அரைக்கோளத் தொகைகள்: ஒற்றைப் பகுதியும் பொதுச் சராசரியும் மீளும், மற்றவை அழியும்.
அரைப் பெருவட்டத் தொகைகள்: முழுச் சார்பும் மீளும்.
ஒரே அளவுத் தொப்பிகள்: சில அளவுகளில் குறிப்பிட்ட படிகள் அழியும், மற்ற அளவுகளில் முழுவதும் மீளும்.
உணரியைச் சுற்றிய வட்ட விற்கள்: வில் தொடும் விளிம்புகள் தெளிவாகும், மற்றவை மங்கும், முனைகளில் போலித் தடங்கள் தோன்றும்.

வகுப்பில் கூட்டுத்தொகை சரிபார்த்தால் விடை சரி என்று பல ஆண்டுகள் நானும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு மாணவி இரண்டு எண்களை இடம் மாற்றி எழுதியிருந்தாள். கூட்டுத்தொகை சரியாக இருந்ததால் முழு மதிப்பெண் போட்டேன். அவளே எழுந்து வந்து, “சார், இது தப்பு” என்று காட்டினாள். படமாகவோ வரைபடமாகவோ மீட்கப்பட்ட எதையும் பார்க்கும் மாணவர்கள், அதற்கு அடியில் எதன் மேல் எடுத்த தொகைகள் இருக்கின்றன என்று கேட்டுப் பழக வேண்டும். எந்தெந்த மாற்றங்கள் அந்தத் தொகைகளில் தெரியாமலே போகும் என்பதையும் அதே கேள்வியோடு சேர்த்துக் கேட்க வேண்டும்.